முக்கால் மீட்டர் கடல்

நெல்லைச் சீமைக் கடலில் மின்சாரம் கிடைக்குமா? கிடைத்தால் யாருக்கு?

ஆனி மாதத்து நள்ளிரவு. நாங்குநேரி சுங்கச்சாவடியை நெருங்கும் நான்குவழிச் சாலையில் லாரிகளும் ஆம்னி பஸ்களும் ஹாரன் அடித்து ஓய்ந்துவிட்டன. முன்னால் ஒரு டிரெய்லர் ஊர்ந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் ஒற்றைக் காற்றாலை இறக்கை. டிரெய்லரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணி. இரண்டு பேர் இறங்கி, கையில் டார்ச்சுடன் பக்கவாட்டில் நடந்தபடியே, "லெஃப்ட்ல ஒடி... வரட்டும், வரட்டும்..." என்று டிரைவருக்குக் குரல் கொடுக்கிறார்கள். ஓரத்தில் இருக்கும் அகலமான தடத்தில் முன்சக்கரம் நுழைந்து வெகுநேரம் ஆகியும் வால் இன்னும் வந்து சேரவில்லை. தெற்கே பணகுடி, இராதாபுரம் பக்கம் எங்கோ ஒரு கோபுரம் இந்த இறக்கைக்காக நிற்கிறது.

சாலையோர டீக்கடையில் பேச்சு காற்றாலையில் தொடங்கிக் கடலுக்குப் போகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகளின் புண்ணியம். காற்றில் எடுத்தாயிற்று, வெயிலில் எடுத்தாயிற்று, கூடங்குளத்தில் அணுவைப் பிளந்தும் எடுத்தாயிற்று. இனி கடல் ஏறி இறங்குவதிலும் கரண்ட் எடுக்கப் போகிறார்களாமே என்பது முதல் கேள்வி. அப்படியானால் பில் குறையுமா என்பது அடுத்தது. நாங்குநேரியில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவதில் வினோதம் ஒன்றும் இல்லை. பக்கத்து விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளத்தின் கோபுரங்கள், கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு 1990 முதல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. மழை மறைவுப் பூமியாக இருந்தாலும் இந்த வட்டாரத்துக்குக் கடலோடு பேச்சுவார்த்தை உண்டு.

முதல் கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லிவிடலாம். கடல் ஏறி இறங்கும் ஓதத்தை வைத்து நம் கரையில் மின்சாரம் எடுக்க வழியில்லை. ஆனால் இதே கடலில் வேறு இரண்டு வழிகளை நம் விஞ்ஞானிகள் முயன்று பார்த்திருக்கிறார்கள். அதில் ஒன்று உலகமே திரும்பிப் பார்த்திருக்க வேண்டிய முயற்சி. தூத்துக்குடிக்கு அப்பால் நடுக்கடலில் அது தோற்றது. தோற்ற கதையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு குளத்துக் கணக்கு

ஓதமும் அலையும் வேறு வேறு. அலையைக் காற்று எழுப்புகிறது. ஓதத்தை நிலாவும் சூரியனும் சேர்ந்து இழுக்கின்றன. ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை கடல் ஏறி வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் கூடுதல், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. உவரியிலும் மணப்பாட்டிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு இது பஞ்சாங்கம் பார்க்காமலே தெரியும்.

இதில் மின்சாரம் எடுக்கும் பழைய முறை எளிமையானது. கழிமுகத்தின் குறுக்கே அணை கட்டி, கடல் ஏறும்போது நீரை உள்ளே விட்டு அடைத்துவிடுவார்கள். வெளியே கடல் வற்றியதும் திறந்தால், இறங்கும் நீர் டர்பைனைச் சுற்றும். குளமும் மடையும் நாங்குநேரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயம் அல்ல. அதனால் ஒரு குளத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 247 ஏக்கர் பரப்புள்ள குளம் ஒன்றைத் தூத்துக்குடிக் கடலோரத்தில் வெட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓதம் நன்றாக ஏறும் நாட்களிலேயே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 0.7 மீட்டர்தான். முழங்காலுக்குச் சற்று மேலே. குளம் நாளுக்கு இரண்டு முறை நிரம்பி இரண்டு முறை காலியாகிறது. ஒரு துளிகூட வீணாகவில்லை, இயந்திரமும் முழுத் திறனில் ஓடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் நாளுக்குக் கிடைப்பது சுமார் 1,370 யூனிட். சுங்கச்சாவடியில் ஊர்ந்து போன அந்த இறக்கை, 2 மெகாவாட் காற்றாலை ஒன்றுக்கு உரியது என்று கொள்வோம். திறனில் கால்வாசி ஓடினாலே அது நாளுக்கு 12,000 யூனிட் தந்துவிடும். 247 ஏக்கர் கடல், ஒரு காற்றாலையில் ஒன்பதில் ஒரு பங்குக்கு ஈடு.

குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் கதை வேறு. வாய் அகன்று உள்ளே போகப் போகக் குறுகும் அந்த வளைகுடாவில் ஓதத்தின் சராசரி வித்தியாசம் 6.77 மீட்டர், உச்சத்தில் 11 மீட்டர் வரை போகும். கிடைக்கும் ஆற்றல் உயர வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், உயரம் பத்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு என்றால் மின்சாரம் தொண்ணூறு மடங்குக்கு மேல். அதே குளத்தை அங்கே வெட்டினால் ஏட்டுக் கணக்கில் நாளுக்கு 1,20,000 யூனிட்டைத் தாண்டும். ஓத மின்சாரம் பற்றிய காணொளிகளில் வருவதெல்லாம் இப்படிப்பட்ட கரைகள்தான்.

பெட்டிச் செய்தி: ஓடுவது, நின்றது, தொடங்காதது

பிரான்ஸின் லா ரான்ஸ் நிலையம் 1966-ல் தொடங்கியது. 240 மெகாவாட். இன்றும் ஓடுகிறது.

தென்கொரியாவின் சிஹ்வா நிலையம் 2011-ல் வந்தது. 254 மெகாவாட், இருப்பதில் பெரியது.

கனடாவின் அன்னபோலிஸ் ராயல், 1984-ல் தொடங்கிய 20 மெகாவாட் நிலையம். டர்பைனில் சிக்கி மீன்கள் சாவது பெரிய பிரச்சினையானது. இயந்திரக் கோளாறும் சேர்ந்துகொள்ள, 2019-ல் நின்றது.

பிரிட்டனின் ஸ்வான்ஸி விரிகுடாத் திட்டம், 320 மெகாவாட். செலவு கட்டுப்படியாகாது என்று 2018-ல் அரசு கைவிரித்தது.

இந்தியாவில் ஓத மின்சாரத்துக்கு உள்ள வாய்ப்பு 12,455 மெகாவாட் என்பது மதிப்பீடு. மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் துர்காதுவானி ஓடையில் திட்டமிட்ட 3.75 மெகாவாட் நிலையத்துக்கு மதிப்பிடப்பட்ட செலவு 238 கோடி ரூபாய். மெகாவாட்டுக்கு 63 கோடிக்கு மேல். கைவிட்டார்கள். கட்ச் வளைகுடாவில் 50 மெகாவாட் நிலையம் வரும் என்று 2011-ல் அறிவித்தார்கள். அதுவும் வரவில்லை. நாட்டில் ஓதத்தால் ஓடும் மின்நிலையம் ஒன்றுகூட இல்லை.

தூத்துக்குடிக்கு ஆறு கிலோமீட்டர் அப்பால்

ஓதம் இல்லையென்றால் அலை. 2022 நவம்பர் இரண்டாம் வாரத்தில் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் தூத்துக்குடிக் கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் ஒரு கருவியை நிறுத்திப் பார்த்தார்கள். பேராசிரியர் அப்துஸ் சமத் தலைமையிலான குழு. கருவிக்குப் பெயர் சிந்துஜா-1.

நடுவில் துளையுள்ள ஒரு மிதவை. துளை வழியாக நீளமான ஒரு தண்டு. தண்டு அசையாமல் நிற்க, மிதவை மட்டும் அலையோடு ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றி ஜெனரேட்டரை ஓட்டுகிறது உள்ளிருக்கும் அமைப்பு. சோதனை வெற்றி என்று அறிவித்தார்கள். கருவியின் திறன் 100 வாட். மூன்றாண்டுகளில் ஒரு மெகாவாட்டை எட்டுவது இலக்கு என்றும் சொன்னார்கள்.

செய்தித்தாள்களில் மெகாவாட்தான் தலைப்பில் ஏறியது. 100 வாட் என்பது வீட்டில் ஒரு மின்விசிறியும் ஒரு எல்.இ.டி. பல்பும் ஓடும் அளவு. அங்கிருந்து ஒரு மெகாவாட்டுக்குப் பத்தாயிரம் மடங்கு போக வேண்டும். ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தூரம் தெரியும். அறிக்கை எழுதுகிறவர்களும் தலைப்புப் போடுகிற எங்களைப் போன்றவர்களும்தான் இடைவழியை விழுங்கிவிடுகிறோம்.

100 வாட்டைக் கேலி செய்யவும் வேண்டாம். நடுக்கடலில் மிதக்கும் வானிலைக் கருவிக்கும், துறைமுக வாயிலில் கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கு மிதவைக்கும் அது தாராளம். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், என்.ஐ.ஓ.டி., அலையாலேயே எரியும் வழிகாட்டி மிதவையை உருவாக்கி எண்ணூர் காமராஜர் துறைமுகப் பகுதியில் சோதித்திருக்கிறது. பேட்டரி மாற்றுவதற்கென்று படகு எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை என்பது அங்கே உண்மையான லாபம். அலை மின்சாரம் முதலில் வேலைக்கு ஆகப்போவது இப்படிப்பட்ட இடங்களில். வீட்டு மீட்டருக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆகும்.

விழிஞ்ஞத்தில் இருபது ஆண்டு

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாகர்கோவில், களியக்காவிளை தாண்டினால் வரும் விழிஞ்ஞம் இன்று பெரிய சரக்குத் துறைமுகமாகப் பேசப்படுகிறது. அங்கே அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி 1991-ல் இந்தியாவின் முதல் அலை மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அதற்கும் சென்னை ஐ.ஐ.டி.தான் மூலம். திறன் 150 கிலோவாட்.

கடலின் தரையில் உட்கார வைத்த பிரம்மாண்டமான கான்கிரீட் பெட்டி அது. முன்பக்கத்துத் திறப்பு வழியாக அலை உள்ளே ஏறும்போது, மேலே அடைபட்ட காற்று அழுந்திக் குழாய் வழியாக வெளியே பீறிடும். அலை இறங்கும்போது அதே குழாய் வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வெளியே போகும் காற்றும் உள்ளே வரும் காற்றும் டர்பைனை ஒரே திசையில் சுழற்ற வேண்டும். அதற்கென்றே அமைந்தது வெல்ஸ் டர்பைன். அதன் இறக்கைகள் இரு பக்கமும் ஒரே வடிவம் கொண்டவை என்பதால் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சுற்றும் திசை மாறாது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் காற்று அளவுக்கு மீறிப் பீறிட்டால் இறக்கை பிடிமானம் இழந்துவிடும். பெரிய அலை வரும்போதுதான் நிறைய மின்சாரம் வேண்டும் என்று நாம் நினைக்க, பெரிய அலையில்தான் இது திணறும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரியாக 75 கிலோவாட், டிசம்பர் முதல் மார்ச் வரை 25 கிலோவாட் என்பது வடிவமைப்பின் எதிர்பார்ப்பு. 2004-ல் இதே மின்சாரத்தைக் கொண்டு நாளுக்குப் பத்தாயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனையும் அங்கே நடந்தது. 2011-ல் நிலையம் நிறுத்தப்பட்டது. இருபது ஆண்டு கடலில் நின்ற கருவி, உலகக் கணக்கில் அது நீண்ட ஆயுள். அடுத்த பெட்டி கட்டப்படவே இல்லை என்பதுதான் வருத்தம்.

முள்ளக்காட்டோடு ஒப்பிட்டால் இந்த வருத்தம் புரியும். தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-ல் வைத்த காற்றாலைகள் ஒவ்வொன்றும் 55 கிலோவாட்தான். பத்தையும் கூட்டினால் 550 கிலோவாட். அவையும் சோதனைதான், அவற்றுக்கும் கோளாறுகள் வந்தன. ஆனால் அடுத்தது வந்தது, அதற்கடுத்தது கயத்தாற்றில் வந்தது, பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை நம்பி முப்பந்தலில் காடாகவே வளர்ந்தது. வரிச்சலுகை கிடைத்தது, மின்வாரியம் வாங்கிக்கொண்டது, பழுது பார்க்கக் கற்ற பையன்கள் ஊருக்கு ஊர் உருவானார்கள். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். அலைக்கு இதில் எதுவும் வாய்க்கவில்லை. ஓதம், அலை, கடல் வெப்பம் மூன்றையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று மத்திய அரசு அதிகாரபூர்வமாக அறிவித்ததே 2019 ஆகஸ்டில்தான். விழிஞ்ஞம் மூடி எட்டு ஆண்டு ஆகியிருந்தது.

ஒரு கிலோமீட்டர் குழாய்

இனி அந்தத் தோல்விக் கதை.

குலசேகரன்பட்டினம் என்றால் இன்று ராக்கெட் ஏவுதளம். தசரா வேறு. ஆனால் 1980-லேயே கடல் ஆராய்ச்சிக்காரர்களின் வரைபடத்தில் அந்த ஊர் இருந்தது. கடல் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க ஏற்ற இடங்களாக லட்சத்தீவின் கவரத்தி, அந்தமான் நிக்கோபார் தீவுகள், குலசேகரன்பட்டினத்துக்கு அப்பாலுள்ள கடல் ஆகிய மூன்றும் அப்போது ஆய்வில் இருந்தன. காரணம், கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே ஆழம் கிடைத்துவிடும்.

தத்துவம் இதுதான். மன்னார் வளைகுடாவின் மேற்பரப்பு நீர் சுமார் 29 டிகிரி. ஆயிரம் மீட்டர் கீழே சுமார் 7 டிகிரி. மேல்நீரின் சூட்டில் அம்மோனியாவை ஆவியாக்கி டர்பைனைச் சுற்ற வைக்கலாம். கீழிருந்து உறிஞ்சிய குளிர்ந்த நீரால் அந்த ஆவியைத் திரும்பத் திரவமாக்கலாம். ஃபிரிட்ஜுக்குள் நடப்பதைத் திருப்பிப் போட்டால் இது. எரிபொருள் வேண்டாம். காற்று வேண்டாம், வெயில் அடிக்கும் நேரம் பார்க்க வேண்டாம். ராத்திரி, பகல், ஆடி, மார்கழி எல்லாம் ஒன்றுதான்.

குறையும் உண்டு. 22 டிகிரி வித்தியாசத்தில் ஓடும் இயந்திரத்தின் திறன் மிகக் குறைவு. அதனால் மலைபோல் நீரை இறைக்க வேண்டும். ஒரு மெகாவாட் உற்பத்தி செய்தால் ஏறத்தாழ பாதி பம்புகளுக்கே போய்விடும்.

என்.ஐ.ஓ.டி. 1997-ல் ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இதில் இறங்கியது. கோவாவில் பார்ஜ் கட்டினார்கள். நீளம் 68.5 மீட்டர், அகலம் 16 மீட்டர். பெயர் சாகர் சக்தி. ஒரு மெகாவாட் நிலையம் முழுவதும் அதன் மேல். இடம், தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவு. அந்த அளவில் மிதக்கும் கடல் வெப்ப மின்நிலையம் அப்போது உலகில் எங்கும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

எல்லாம் அந்தக் குழாயைப் பொறுத்தே இருந்தது. ஒரு மீட்டர் விட்டம், ஒரு கிலோமீட்டர் நீளம் கொண்ட பிளாஸ்டிக் குழாய். ஊரில் குடிநீர் மெயினுக்குப் போடுகிறார்களே, அதே எச்.டி.பி.இ. ரகம்தான், அளவு மட்டும் ராட்சதம். இதைக் கடலின் மேலே படுக்கையாக மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரு முனையைக் கனமாக்கி மெல்லக் கவிழ்த்து, செங்குத்தாக ஆழத்தில் நிறுத்த வேண்டும். நடுவில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், திரும்பலாம், காற்று எழும்பலாம். கயிறு, கொக்கி, வின்ச் எல்லாம் அந்தப் பாரத்தில் ஒன்றாகத் தாங்க வேண்டும். 2001-ல் முயன்றார்கள். 2003-ல் மறுபடி முயன்றார்கள். இரண்டு முறையும் குழாயை நிறுத்த முடியவில்லை. அது கடலோடு போயிற்று. டர்பைனும் அம்மோனியாவும் தயாராக இருந்தும் ஒரு யூனிட்கூடக் கரைக்கு வரவில்லை.

தத்துவத்தில் பிழை இல்லை, கொதிகலனில் பிழை இல்லை. கடலில் கனமான பொருளை இறக்கும் கைவேலையில்தான் தோற்றோம். எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனிகள் அன்றாடம் செய்கிற வேலை அது; நம் ஆய்வு நிறுவனத்தின் பட்ஜெட்டில் அதற்குரிய கப்பல்களுக்கு இடமில்லை.

பலன் வேறு வடிவில் கிடைத்தது. மின்சாரத்துக்குப் படித்த அதே பாடத்தைக் குடிநீருக்குத் திருப்பினார்கள். குளிர்ந்த ஆழ்கடல் நீரால் ஆவியைக் குளிரவைத்தால் நல்ல தண்ணீர் கிடைக்கும் அல்லவா? 2005-ல் கவரத்தித் தீவில் சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்நீர் எடுத்து, நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் ஆலை ஓடியது. குழாய் நின்றது. 2007-ல் அதே சாகர் சக்தி பார்ஜைச் சென்னைக்கு அப்பால் சுமார் 40 கிலோமீட்டரில் நிறுத்தி, நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் அளவில் குடிநீர் எடுத்துக் காட்டினார்கள். பிறகு மினிக்காய், அகத்தி என்று மற்ற தீவுகளுக்கும் போனார்கள். கவரத்தியில் 65 கிலோவாட் கடல் வெப்ப மின்சாரத்தைக் கொண்டே குடிநீர் ஆலையை ஓட்டும் திட்டமும் எடுக்கப்பட்டது. டீசல் கப்பலில் வந்து இறங்க வேண்டிய தீவில், கடல் மின்சாரம் என்ன விலையானாலும் அதற்கு ஒரு நியாயம் உண்டு. தூத்துக்குடியில் மூழ்கிய குழாய்க்குக் கிடைத்த வட்டி இது என்றே நான் எண்ணுகிறேன்.

எந்த மாதத்து மின்சாரம்?

பில் குறையுமா என்ற கேள்விக்கு வருவோம். யூனிட் எவ்வளவு என்பதோடு, எந்த நேரத்து யூனிட் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

தென் மாவட்டங்களில் காற்றாலை சீசன் மே முதல் செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் பணகுடிப் பக்கம் ஒரு காற்றாலைகூட நிற்காது. மின்வாரியம் சில நாட்களில் வாங்க முடியாமல் திணறிய காலமும் உண்டு. சோலார் பகலில் கொட்டுகிறது. அதன் விலை ஏலத்தில் யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்க்கும் கீழே இறங்கியிருக்கிறது. தட்டுப்பாடு வருவது சாயங்காலம் விளக்கு வைத்த பிறகும், காற்று ஓய்ந்த தை, மாசி, பங்குனி மாதங்களிலும்தான்.

அலை எப்போது பெரிது? தென்மேற்குப் பருவக்காற்றில். காற்றாலை ஓடும் அதே மாதங்களில். விழிஞ்ஞத்தின் 75, 25 என்ற இரண்டு எண்களைத் திரும்பப் பாருங்கள்: நமக்கு மின்சாரம் வேண்டாத நேரத்தில் மூன்று மடங்கு, வேண்டிய நேரத்தில் ஒரு மடங்கு. தூத்துக்குடிப் பக்கம் அலை இன்னும் சாது. தென்மேற்கு அலையைக் குமரிமுனை பாதி தடுக்கிறது, வடகிழக்கு அலையை இராமேசுவரமும் இலங்கையும் மறைக்கின்றன. அலை மின்சாரம் நம் பில்லைக் குறைக்காது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் விலை மட்டுமல்ல, இந்தக் காலண்டரும்தான்.

பெரிய அலைக்கு இன்னொரு முகம் உண்டு. எங்கோ தெற்குச் சமுத்திரத்தில் எழுந்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும் கள்ளக்கடல். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் பலியானது நினைவிருக்கும். ஆண்டு முழுவதும் சாதுவான அலையில் கஞ்சத்தனமாக மின்சாரம் தரும் கருவி, அப்படிப்பட்ட ஒரு நாளையும் தாங்கி நிற்க வேண்டும். அந்த ஒரு நாளுக்காகப் போடும் இரும்பும் சங்கிலியும்தான் செலவை ஏற்றுகின்றன.

ஓதம் காலண்டருக்குக் கட்டுப்படும். அடுத்த தலைமுறைக்குக்கூட இப்போதே மணி குறித்துச் சொல்லிவிடலாம். அது நம்மிடம் இல்லை. மீதமிருப்பது ஆழத்துக் குளிர். பங்குனி மாத ராத்திரியிலும் அது 7 டிகிரிதான். ஆகவே, தமிழ்நாடு கடலில் பணம் போடுவதென்றால் அலையைவிட அந்தக் குழாய்க்குப் போடுவது புத்திசாலித்தனம் என்பது இந்தக் கட்டுரையாளனின் கருத்து. அதுவும் இன்று நாளை பில்லைக் குறைக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். மின்சாரமும் குடிநீரும் சேர்ந்து கிடைக்கும் என்பதால் உடன்குடி, திசையன்விளை போன்ற உப்புத்தண்ணீர்க் காட்டுக்கு அதன் கணக்கு வேறு மாதிரி வரக்கூடும். போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு அது.

வலை அறுந்தால்?

நாங்குநேரி டீக்கடைக்கு பில் முக்கியம். முப்பது, நாற்பது கிலோமீட்டர் தென்கிழக்கே உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெரியதாழை ஊர்களுக்குக் கேள்வியே வேறு.

கடலில் கருவி நிறுத்தினால் அதைச் சுற்றிப் படகு போகக்கூடாத வட்டம் ஒன்று விழும். நங்கூரச் சங்கிலி எந்தப் பக்கம் ஓடுகிறது, கேபிள் எந்தப் பாரின், அதாவது கடலடிப் பாறைத் திட்டின், மேல் போகிறது என்று தெரியாமல் வலை விட்டால் வலை போய்விடும். ஒரு மிதவைக்கு ஒரு வட்டம் பெரிதல்ல. மெகாவாட் கணக்கில் வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கில் மிதவை வேண்டும், அப்போது வட்டங்கள் சேர்ந்து ஒரு வேலியாகிவிடும். ஆழ்நீரை மேலே கொட்டுவதும் விளைவில்லாத காரியம் அல்ல. குளிர்ந்த, சத்து நிறைந்த அந்த நீரால் பாசி பெருகலாம், மீன் கூடலாம், இடம் மாறியும் போகலாம். இருபத்தொரு தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவும் அதன் பவளப்பாறைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. பவளத்துக்கு ஒன்றிரண்டு டிகிரியே பெரிய விஷயம்.

அயல்நாட்டு அனுபவம் இங்கே உதவும். லா ரான்ஸில் அணை கட்டும்போது மூன்றாண்டு காலம் கழிமுகத்தைக் கடலிலிருந்து முற்றாக அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்த உயிர்கள் அழிந்தன. திரும்ப ஒரு சமநிலை வர ஏறத்தாழ பத்தாண்டு பிடித்தது. அந்தச் சமநிலையும் பழையது அல்ல, புதியது. சிஹ்வாவில் தலைகீழ். விவசாயத்துக்கென்று 1994-ல் கடலை அடைத்துச் சுவர் எழுப்பி, உள்ளே தேங்கிய நீர் சாக்கடையாகிவிட, அதைக் கழுவுவதற்காகவே சுவரைத் திறந்து டர்பைன் வைத்தார்கள். ஒரே தொழில்நுட்பம் ஒரு கழிமுகத்தைக் கெடுத்தது, இன்னொன்றை மீட்டது.

நம் கரைக்கு இதைவிடப் புதிய நினைவுகள் இருக்கின்றன. கூடங்குளம் அணு உலையிலிருந்து வரும் வெந்நீர் மீனை என்ன செய்யும் என்று இடிந்தகரைப் போராட்டப் பந்தலில் 2011, 2012-ல் மாதக்கணக்கில் கேட்டார்கள். நிலையம் வந்துவிட்டது, 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, மேலும் நான்கு கட்டப்படுகின்றன. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன விதத்தில் கடலோரம் திருப்தி அடையவில்லை என்பது அந்த ஊர்களில் யாரிடம் பேசினாலும் தெரியும். அடுத்து யார் கடலுக்குள் இரும்பைக் கொண்டு வந்தாலும் அந்தப் பந்தலைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கும்.

அடுத்து வருவது அலைக்கருவியோ குழாயோ அல்ல, கடல் காற்றாலை. மத்திய அமைச்சரவை 2024 ஜூன் 19 அன்று 7,453 கோடி ரூபாய் நிதியுதவிக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட், குஜராத் கடலில் 500 மெகாவாட். துறைமுகங்களை மேம்படுத்த 600 கோடி இதில் அடக்கம். அதில் தூத்துக்குடியும் ஒன்று. இடமாகப் பேசப்படுவது மன்னார் வளைகுடா. தரையில் நிற்பவற்றைவிட நீளமான இறக்கைகள் என்பதால் அவை நான்குவழிச் சாலையில் வரப்போவதில்லை, துறைமுகத்திலிருந்து நேராகக் கடலுக்குப் போகும்.

அது நிஜமாக வந்தால், கடலடிக் கேபிளும் கடலுக்குள் துணைமின் நிலையமும் கனமான பொருளை இறக்கத் தெரிந்த கப்பல்களும் முதன்முறையாக இந்தக் கரைக்கு வரும். 2003-ல் சாகர் சக்திக்கு இல்லாமல் போனவை அந்தக் கப்பல்கள்தான். அலைக்கருவிக்காரர்களும் குழாய்க்காரர்களும் அந்தக் கேபிளில் ஒட்டிக்கொள்ள இடம் கேட்கலாம். ஏல நிபந்தனை எழுதும்போதே அதற்கு ஒரு வரி சேர்த்தால் போதும். கேபிள் போகும் பாதையையும் தடை வட்டங்களையும் வலை இழப்புக்கான நஷ்டஈட்டையும் ஊர்க் கமிட்டிகளோடு உட்கார்ந்து அதே தாளில் எழுத வேண்டும். ஏலம் முடிந்த பிறகு வரும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவற்றை எழுத முடியாது.